வெறும் பயம்

அச்சம் என்பது உயிர்கட்கெல்லாம் பொதுவாயதொரு மெய்ப்பாடு. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பர். வருத்துந் தெய்வத்தை நினைந்து அஞ்சுதலும், காட்டில் விலங்கினைக் கண்டு அஞ்சுதலும், வழியிற் கள்வரைக் கண்டு அஞ்சுதலும், பிழைசெய்தவன் தன் அரசனுக்கு அஞ்சுதலும் யாவரும் அறிந்தனவே. இந்நான்கிலும் அஞ்சுவோன் ஒருவனும் அஞ்சப்படும் பொருள் ஒன்றும் உள. அஞ்சப்படும் பொருள் எதிரே யாதும் இல்லாதிருக்க, நடுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் ஒருவரைத் திடீரெனப் பற்றிக்கொள்ளுமாயின், அதனை எதனுள் அடக்குவது? நம் கல்லூரியில் அவ்வியலைப் பாடமாகக் கேட்ட நாட்களில் இவ்வினா எனக்குத் தோன்றவில்லை. என் ஊராகிய ஒட்டன்சத்திரத்தில், என் தாய்மாமனுக்கு நேர்ந்த துன்பத்தின்வாயிலாகவே அது தோன்றிற்று. அவருடைய இசைவு பெற்று அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

பழனிமலைத் தொடரின் வடபால் அடிவாரத்தே, திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது எங்கள் ஊர். ஊரின் புகழெல்லாம் அதன் காய்கறிச் சந்தையால் வந்தது. சுற்றுப்புறத்துச் செம்மண் காடுகளில் விளையும் முருங்கையும் தக்காளியும் வெங்காயமும் கத்தரியும், மலைமேலிருந்து இறங்கும் சௌசௌவும் பீன்சும் வாழையும் அங்கு வந்து குவியும். அவற்றுட் பெரும்பகுதி லாரிகளில் ஏறிக் கேரள நாட்டிற்குச் செல்லும். ஏலக்குரலும் லாரியின் இரைச்சலும் சுமைதூக்குவோரின் கூவலும் ஒன்றாய்க் கலந்த அவ்விடத்தில், என் மாமா முப்பதாண்டுகளாகக் கமிஷன் மண்டி நடத்தி வருகின்றார்.

என் தந்தையார் யான் ஆறாம் வகுப்பிற் படிக்கும்போது இறந்துபட்டார். அன்று முதல் என்னையும் என் தங்கையையும் தம் மக்களைப்போல் தாங்கியவர் மாமாவே. யான் கல்லூரிப் படியை மிதித்ததும் அவர் பொருளால்தான். அவர் அஞ்சி யான் கண்டதில்லை. கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை, கயிறு வருமட்டும் காத்திராமல், கல்லிடுக்கில் காலூன்றி இறங்கித் தூக்கியவர் அவர். எங்கள் ஊருக்கு அணித்தாயுள்ள விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் கும்பினியாரை எதிர்த்து நின்று, 1801-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட வரலாற்றை, யான் சிறுவனாய் இருந்தபொழுது இரவுதோறும் சொல்லி உறங்கவைத்தவரும் அவரே. ஆதலின் ஆண்மை என்பது அஞ்சாமையே என்று யானும் ஐயமின்றி எண்ணியிருந்தேன்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி திருவோணம். அதற்கு முந்திய வாரத்தில் எங்கள் சந்தைக்கு இரவு பகல் என்னும் வேறுபாடு கிடையாது. மாமா மூன்று இரவுகள் கண்மூடவில்லை. உணவினும் தேநீரே மிகுதியாக உட்கொண்டார். யான் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தமையால் மண்டியில் சிட்டை எழுத உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவு கடந்த வேளை. முருங்கைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மாமாவின் குரல் இடையிலே நின்றது. ஏறிட்டுப் பார்த்தேன். அவர் தராசின் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, உதடு நடுங்கிற்று. “மாப்பிள்ளை, நெஞ்சை அடைக்கிறது; நான் போய்விடுவேன் போலிருக்கிறது; உன் அத்தையைக் கூப்பிடு” என்றார். அவ்வளவே சொல்ல முடிந்தது.

அவ்வமயம் யாங்கள் செய்தவற்றை நினைப்பின் இன்றும் நாணமாகவே உள்ளது. நாற்பது பேர் சூழ்ந்து காற்றை மறைத்தனர். “வாயுப் பிடிப்பு” என்று ஒருவர் சோடாவை வாயிற் புகட்டினார். வலிப்பு என்று கருதிய மற்றொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். யானோ, “பயப்படாதீர்கள் மாமா! ஒன்றுமில்லை! மூச்சை நன்றாக இழுங்கள்!” என்று உரத்துக் கூவினேன். என் குரலில் இருந்த நடுக்கமே அவருக்கு என் சொல்லைப் பொய்யாக்கிற்று. அவர் மேலும் மேலும் மூச்சை இழுத்தார், விரல்கள் மரத்து வளைந்தன, கண்கள் அகன்றன. தூக்கி ஆட்டோவில் வைத்து வைத்தியசாலைக்கு விரைந்தோம்.

அது ஒன்றுதான் அன்று யாங்கள் செய்த நன்று. ஐம்பது வயது கடந்தவர் நெஞ்சடைப்பென்று கூறின், அஃது இருதய நோயா அன்றா என வைத்தியரே தேர்ந்து உரைக்கவேண்டும். பார்த்திருப்போர் தாமே முடிவுகட்டுதல் கூடாது. அங்கு ஈ.சி.ஜி. எடுத்தனர், சில மணி நேரம் இடைவிட்டு இரத்தத்தை இருமுறை சோதித்தனர். பொழுது புலரும் வேளையில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் வந்து, இருதயத்தில் யாதொரு குறையும் இல்லை என்றும், இது மிகுந்த களைப்பினாலும் கவலையினாலும் எழுந்த ஒரு பீதித் தாக்கம் என்றும் அமைதியாகக் கூறினார்.

தாழ்வாரத்தில் எங்கள் உறவினரும் மண்டிக்காரரும் நிரம்பியிருந்தனர். என் மனத்திலிருந்த பெருஞ்சுமை இறங்கிய களிப்பிலே, யான் வெளியே ஓடிவந்து, “ஒன்றுமில்லை, வெறும் பயந்தானாம்!” என்று எல்லார் செவியிலும் விழும்படி உரைத்துவிட்டேன். சிலர் சிரித்தனர். ஒருவர், “நாங்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தோம்!” என்றார். திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கட்டிலின்மேல் அமர்ந்திருந்த மாமா தம் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவ்வைத்தியர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, படித்தவர்போல் இருக்கிறீர்கள். ‘பயம்’ என்றது சரி. ‘வெறும்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்றார். பிறகு அந்நோயின் இயல்பை எனக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார்.

அவர் கூறியவற்றையும், பின்னர் யான் நூல்களிற் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சுருக்கி உரைக்கின்றேன். ஆபத்து எதிர்ப்படுங்கால் உயிரைக் காத்தற்பொருட்டு உடலில் இயற்கை அமைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கும். உடனே இருதயம் விரைந்து துடிக்கும், மூச்சு மிகும், குருதி பெருந்தசைகளை நோக்கிப் பாயும், உடல் வியர்க்கும். எதிர்த்துப் பொருதற்கும் அன்றித் தப்பி ஓடுதற்கும் உடல் இங்ஙனம் ஆயத்தமாவதை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கானன் 1915-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். புலி எதிரே நிற்குமாயின் இவ்வேற்பாடு வரமேயாகும். புலி இல்லாதவிடத்தும் அது தானே மூண்டெழுமாயின், மனிதன் தன் உடலையே புலியாகக் காண்கின்றான். இருதயத்தின் துடிப்பைக் கேட்டு, “இறந்துபடுவேன்” என்று அஞ்சுகின்றான்; அவ்வச்சம் அட்ரினலினை மேலும் சுரப்பிக்கின்றது; துடிப்பு இன்னும் மிகுகின்றது. செக்கைச் சுற்றும் மாடுபோல் அச்சம் தன்னையே சுற்றி வருகின்றது.

மூச்சு மிகுவதனால் மற்றொரு தீங்கும் விளையும். அளவுக்கு மிஞ்சி மூச்சுவிடுங்கால், இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மேற் குறைந்துபோகும். அதனாலேயே தலை சுற்றும். உதடும் விரலும் மரத்துச் சுருக்கெனக் குத்தும். சிலர்க்குக் கைவிரல்கள் வளைந்து மடங்கும். காற்றுப் போதாமையால் திணறுவதாக அவர் உணர்கின்றார். மெய்யாகவோ காற்று மிகுந்தே துன்புறுகின்றார். “மூச்சை நன்றாக இழுங்கள்” என்று யான் கூவியது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்ததே என அப்பொழுதுதான் உணர்ந்தேன். முன்னாளிற் சிலர் காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்வதுண்டு. திணறலுக்குக் காரணம் ஆஸ்த்துமாவாகவோ இருதய நோயாகவோ இருப்பின் அது பெருங்கேடு விளைக்கும் ஆதலின், இக்காலத்து வைத்தியர் அதனைச் செய்யச் சொல்வதில்லை.

இத்துன்பம் கோழைகட்கே உரியது என்று எண்ணுவாரும் உளர். அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர் பலர், நெஞ்சுத் துடிப்பும் மூச்சுமுட்டலும் உற்று மருத்துவரை நாடினர். அவர்களைப் பரிசோதித்த ஜேக்கப் டகோஸ்டா என்பார், அவர்தம் நிலையை 1871-இல் எழுதி, அதற்கு எளிதிற் கலங்கும் இருதயம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். பீரங்கிக்கு முன்னே நின்றவர்கள் அவர்கள். 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலில், இப்பீதி நோய் தனியொரு நோயாகவே இடம்பெற்றது. கல்லிடுக்கில் காலூன்றிக் கிணற்றில் இறங்கிய என் மாமாவிற்கும் இந்நோய்க்கும் யாதொரு முரணும் இல்லை.

இவற்றையெல்லாம் யான் அறிந்து என்? மாமாவின் செவியில் விழுந்தது என் ‘வெறும்’ என்னும் சொல் ஒன்றே. அவர் முதலில் இரவில் மண்டிக்குச் செல்வதை விட்டார். பின்னர்ப் பகலிலும் விட்டார். கணக்கப்பிள்ளையே மண்டியைப் பார்த்தார். திருமண வீட்டிற்குச் சென்றால் வாயிலுக்கு அருகிலேயே அமர்ந்து, பந்திக்கு முன்னரே எழுந்து வந்துவிடுவார். பேருந்தில் ஏறுதல் அறவே நின்றது. ‘மறுபடியும் வந்துவிடுமோ’ என்னும் அச்சம் அவர் உலகத்தை நாளுக்கு நாள் சுருக்கித் திண்ணையளவில் நிறுத்திற்று. காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்தவரும் உண்டு. விபூதி மந்திரித்தவரும் உண்டு. அவர்கள் அன்பினாலேயே செய்தனர், அவர்களை இகழேன். என்னோடு மட்டும் மாமா வேண்டுவதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

பின்னொரு விடுமுறையில் அவ்வைத்தியரிடம் சென்று, “மறுபடியும் வந்தால் நான் என் செய்வது?” என்று கேட்டேன். அவர் கூறியவை இவை. முன்னைப் போன்றதுதானா, அன்றி நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவுகின்றதா என்பதை அமைதியாகக் கேட்டறிதல் வேண்டும். ஐயம் சிறிதிருப்பினும் வைத்தியசாலைக்கே செல்க. சூழ்ந்தோரை விலக்குக. ‘ஒன்றுமில்லை’ என்னற்க, அவருக்கு எல்லாம் உண்டு. ‘துன்பம் பெரிது என்று தெரிகிறது; இஃது ஏறி இறங்கும்; இறங்கும்வரை உடனிருப்பேன்’ என்க. இத்தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சியை எய்திப் பின்னர்த் தானே தணியும். மூச்சை இழுக்கச் சொல்லாமல், மெல்ல நீட்டி வெளியே விடச் செய்க. ஆபத்தில்லாத இடமாயின் அவ்விடத்திலேயே இருந்து கடக்கத் துணைசெய்க, ஆனால் வற்புறுத்தற்க. பின்னர் அதனைப் பிறரிடம் கதையாகச் சொல்லற்க. கடைசியாகக் கூறியதைச் சொல்லும்போது அவர் என் முகத்தை நோக்கினார்.

2023-ஆம் ஆண்டு தை மாதம். என் தங்கைக்குப் பாச்சலூரில் ஒரு வரன் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்வீட்டுப் பெரியோர் செல்லவேண்டும். தந்தையில்லாத பெண்ணிற்குத் தாய்மாமனே முன்னிற்றல் வேண்டும். அவர் வாராதொழியின் அவ்வீட்டார் அதனைக் குறையாகக் கொள்வர். என் அன்னையார் அழைக்கவும் அஞ்சினார், அழையாதிருக்கவும் அஞ்சினார். மாமா இரண்டு நாட்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாட் காலை வெள்ளை வேட்டி உடுத்து வந்து, “போகலாம்” என்றார்.

தைப்பூசம் நெருங்கிய நாட்கள் அவை. பழனிச் சாலையில் காவடி தூக்கிய அடியார் கூட்டம் சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் பேருந்து அச்சாலையை விட்டுத் தெற்கே திரும்பி வடகாட்டைக் கடந்து மலையேறத் தொடங்கிற்று. என் அன்னையாரும் அத்தையும் முன்னிருக்கையில் இருந்தனர். யானும் மாமாவும் பின்வாயிலின் அருகே அமர்ந்திருந்தோம். வளைவுதோறும் ஓட்டுநர் ஒலியெழுப்பிக்கொண்டே சென்றார். கீழே பரப்பலாற்று அணையின் நீர் வெயிலில் மின்னிற்று. அதனை அவருக்குக் காட்ட எண்ணித் திரும்பினேன். அப்பொழுது என் மணிக்கட்டை அவர் கை இறுகப் பற்றிற்று.

“மாப்பிள்ளை, வண்டியை நிறுத்தச் சொல். இறங்கிவிடுகிறேன்.”

முகத்தில் அன்று கண்ட வெளுப்பு. நெற்றியில் அதே வியர்வை. என் நெஞ்சும் படபடத்தது. பேருந்தை நிறுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பர். சம்பந்தம் பேசச் செல்லும் வழியிலே மாமா நடுக்காட்டில் இறங்கினார் என்னும் செய்தி அவருக்கு முன்னரே பாச்சலூரைச் சேரும். நிறுத்தாமல் அவரை அடக்கினாலோ, யான் அவரை அடைத்துவைத்தவனாவேன். குரலைத் தாழ்த்தி, “மாமா, அன்று மண்டியில் வந்ததுதானே இது?” என்றேன். தலையசைத்தார். “வலி கைக்குப் போகிறதா? தாடைக்குப் போகிறதா?” “இல்லை. அடைக்கிறது. விரல் மரக்கிறது.” “சரி மாமா. மிகவும் துன்பமாக இருக்கிறது, தெரிகிறது. இது ஏறி இறங்குவது, கொல்லாது. நிறுத்தச் சொன்னால் இந்தக் கணமே நிறுத்தச் சொல்கிறேன், உங்கள் சொல்தான். இருந்தாலும் நான் இங்கேதான் இருக்கிறேன்.”

அவர் நிறுத்து என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் விரைந்து விரைந்து வந்தது. மெல்ல மூச்சை விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயினும் என்னை வளர்த்த கைக்கு யான் மூச்சுவிடக் கற்பிப்பதா என ஒரு தயக்கம் தோன்றிற்று. அத்தயக்கமே வழியும் காட்டிற்று. “மாமா, எனக்கும் இந்த வளைவில் நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் மண்டியில் எண்ணுவதுபோல் எண்ணுங்கள்; அந்தக் கணக்குக்கு நான் மூச்சு விடுகிறேன்” என்றேன். அது பொய்யன்று.

களத்தில் நெல் அளப்போரும் மண்டியிற் கட்டு எண்ணுவோரும் முதலெண்ணை ஒன்று என்னாது ‘லாபம்’ என்று மங்கலமாகத் தொடங்குதல் நம் நாட்டு வழக்கம். சிறிது பொழுது அவர் என்னை வெறிக்க நோக்கினார். பின்னர் வறண்ட குரலில், “லாபம்” என்றார். யான் மூச்சை மெல்ல வெளியே விட்டேன். “இரண்டு... மூன்று...” குரல் உடைந்தது. “எனக்குப் போதவில்லை மாமா, இன்னும் கொஞ்சம் மெதுவாக” என்றேன். மீண்டும், “லாபம்... இரண்டு... மூன்று... நான்கு.” எண்ணைச் சொல்லி இழுக்கும்போது மூச்சு வெளியே போகுமேயன்றி உள்ளே வாராது. எனக்காக எண்ணியவரின் மூச்சும் அவரறியாமலே நீண்டது. எத்தனை வளைவுகள் கடந்தனவோ அறியேன். ஆறு வரையில் எண்ணினார். பின்னர் எட்டு வரையில் எண்ணினார். நடுவில் ஒருமுறை மீண்டும் மிகுந்து என் கையை நெரித்தார். யாதும் சொல்லாது மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில் இருந்த அத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; யாங்கள் ஏதோ கணக்குப் பேசுவதாக எண்ணி மீண்டும் திரும்பிக்கொண்டார்.

காப்பித் தோட்டங்களின் குளிர்ந்த காற்று சன்னல்வழியே வந்தது. அவர் கை தளர்ந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மிளகுக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பாச்சலூரில் அவர் நடுக்கூடத்தில் அமர்ந்து, மாப்பிள்ளையின் தந்தையாரோடு வாழை விலையும் மழையும் பேசி, வைகாசியில் திருமணம் என்று முடிவுசெய்து எழுந்தார். என் தங்கையின் திருமணத்தில் தாய்மாமன் சீர் குறைவின்றி நடந்தது.

அன்று மாலை திரும்பும் வழியில், மலையிறங்கும்போது, அவரே வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். சமவெளி வந்த பின்னர் என்னைப் பாராமலே பேசினார். “அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ‘வெறும் பயம்’ என்றாயே, அதற்குப் பிறகு மண்டியில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, மாப்பிள்ளை. நெஞ்சுநோய் என்று சொல்லியிருந்தாலாவது மரியாதையாய் இருந்திருக்கும்.” யான், “பிழை என்னுடையது, மாமா, மன்னித்துவிடுங்கள்” என்றேன். “நீ சின்னப் பிள்ளை” என்றார். பின்னர், “ஆனால் இன்றைக்குப் பெரிய பிள்ளையாய்த்தான் இருந்தாய்” என்று கூறித் தோளைத் தொட்டார். ஐந்து மாதங்களாக என் மனத்தை அழுத்திய கல் அக்கணத்தில் நகர்ந்தது.

இதனால் நோய் நீங்கிற்று என்று கூறேன். உடனிருத்தல் ஒரு தாக்கத்தைக் கடக்க உதவும். நோயைத் தீர்ப்பது வைத்தியர் தொழில். அடுத்த வாரமே மாமா தாமே இசைந்து மனநல வைத்தியரிடம் வந்தார். சில மாதங்கள் மருந்து உட்கொண்டார். அதனோடு, அஞ்சி விலகிய இடங்கட்குச் சிறிது சிறிதாக மீண்டு செல்லும் பயிற்சியும் பெற்றார். முதலில் பகலில் அரைமணி நேரம் மண்டியில் இருந்தார். பின்னர் ஒரு முழு ஏலம் இருந்தார். பின்னர் ஓர் இரவு. தேநீரைக் குறைத்தார், உறக்கத்தைப் பேணினார். அதன்பின்னும் இருமுறை அது வந்ததாகச் சொன்னார். “வந்தது, எண்ணினேன், போயிற்று” என்று, வந்துபோன விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோற் சொன்னார்.

நம் கல்லூரி நண்பர்காள்! இஃது ஏதோ ஒட்டன்சத்திரத்துக் கிழவர் ஒருவரின் கதை என்று தள்ளிவிடற்க. தேர்வு நெருங்கிய இரவுகளில், உறக்கமின்றித் தேநீர் குடித்துப் படிக்கும் நம் விடுதியறைகளிலும் இத்துன்பம் நுழையும். பக்கத்து அறை நண்பர் ஒருவர் நள்ளிரவில் எழுந்து, மூச்சு முட்டுகின்றது, இறந்துவிடுவேன் என்று சொல்லின், நகையாதீர். நாலு பேரைக் கூட்டாதீர். அவர் வீரத்தை அளவிடாதீர். முதன்முறையாயின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறிந்த நோயாயின் அருகே அமர்ந்து, அவர் மூச்சு நீளும் வரையில் உங்கள் மூச்சை நீட்டுங்கள். விடிந்தபின் அவரை மனநல உதவி நாடத் தூண்டுங்கள். இந்திய அரசாங்கத்தார் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநலச் சிகிச்சை பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உள்ள உரிமை என்கின்றது. வெட்கத்திற்கு அங்கே இடமில்லை.

தொல்காப்பியனார் கூறிய நான்கினுள் இவ்வச்சத்தை எங்கே வைப்பது என்னும் வினாவிற்கு இன்றும் எனக்கு விடை கிடைத்திலது. அதனை ஆசிரியர்களுக்கே விடுகின்றேன். யான் கற்றது சிறிது. அஞ்சுவோன் முன்னே நின்று ‘அஞ்சாதே’ எனக் கட்டளையிடுதல் எளிது, பக்கத்தில் அமர்ந்து, ‘எனக்கும் படபடக்கிறது, நீர் எண்ணும்’ என்று சொல்லுதல் அரிது. முன்னது அவனைத் தாழ்த்தும். பின்னது அவன் மானத்தையும் உடன் காக்கும்.

சென்ற ஓணத்திற்கு யான் மீண்டும் மண்டியிற் சிட்டை எழுத அமர்ந்திருந்தேன். லாரிகள் நின்றிருந்தன. மாமா முருங்கைக் கட்டின்மேல் கைவைத்து, தெளிந்த குரலில், “லாபம்” என்று தொடங்கினார். யான் தாளில் முதற்கோட்டை இட்டேன்.